எல்லா முகத்துக்கும் ஒரே சீட்டு

ஃபேஷியல் எப்படிச் செய்வது என்று என்னிடம் கேட்காதீர்கள். அதையெல்லாம் சொல்லிக் கொடுத்து, சான்றிதழும் கொடுத்துத்தான் உங்களை எங்கள் பார்லருக்கு வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். கன்னத்தில் வைத்தால் ஈரப்பசை எவ்வளவு என்று எண்ணில் காட்டும் கருவி வேறு வைத்திருக்கிறீர்கள். எனக்கு முப்பத்தோரு வருஷமும் புறங்கைதான் கருவி. கஸ்டமரின் கன்னத்தில் ஒரு தடவை புறங்கையை ஓட்டினால் போதும். இந்த அம்மா சோப்புப் போட்டு முகம் கழுவுகிறவரா, நாள் முழுக்க ஏசியில் உட்காருகிறவரா என்று சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமை ஒரு தடவை என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. இன்னமும் மத்தியானம் இரண்டு மணி ஆனால் அந்த மாடி ஞாபகம் வந்துவிடுகிறது. நீங்கள் இப்போது வேலை பார்க்கிற கண்ணாடிக் கதவு இடம் இல்லை, அதற்கு முன்னால் இருந்த பழைய இடம். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் முதல் மாடி. படி செங்குத்தாக இருக்கும். மூட்டுவலிக்காரர்கள் எங்களைத் திட்டிக்கொண்டே ஏறி வருவார்கள், இறங்கிப் போகும்போது கண்ணாடியைப் பார்த்த சந்தோஷத்தில் திட்ட மறந்துவிடுவார்கள். இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் கூட்டம் இருக்காது. பன்னீர் வாசனையும், காயப்போட்ட டவல்களின் ஈர வாசனையும், சந்துமுனை டீக்கடையில் பால் பொங்குகிற வாசனையும் சேர்ந்து வரும். நாங்கள் நாலைந்து பேர் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவோம். அந்த இரண்டு மணி நேரத்தை யாராவது திருப்பிக் கொடுத்தால், இந்த முழங்கால் வலியோடு அந்தப் படியை இன்னொரு முறை ஏறிவிடுவேன்.

அந்த நாட்களில் என் சீட்டு ரொம்பப் பிரபலம். வருகிற எல்லாருக்கும் ஐந்து வரி எழுதிக் கொடுப்பேன். முகத்துக்கு சோப்பு வேண்டாம். அடிக்கடி கழுவ வேண்டாம். குளித்து முடித்து ஈரம் காய்வதற்குள் க்ரீம் தடவணும். வெளியே போனாலும் போகாவிட்டாலும் காலையில் சன்ஸ்கிரீன். படுக்கிறதுக்கு முன்னால் முகத்தைக் கழுவி மறுபடியும் க்ரீம். அவ்வளவுதான். "வேர்த்துக் கொட்டுற ஊர்ல எங்களுக்கு எதுக்குங்க க்ரீம்?" என்று கேட்பவர்களுக்கு, "வேர்வை உப்புத் தண்ணி, அது காய்ஞ்சா தோலும் சேர்ந்து காயும்" என்று பதில் தயாராக வைத்திருப்பேன். அடையாறிலிருந்து ஒரு டாக்டரின் மனைவி என் சீட்டை நகல் எடுத்து மகளுக்கு வெளிநாட்டுக்கு அனுப்பினாராம். அதைக் கேட்ட அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

சீட்டில் இருந்த ஐந்தும் இன்றைக்கும் சரியான விஷயங்கள்தான். தப்பு சீட்டில் இல்லை, அதை எழுதிக் கொடுத்தவளிடம் இருந்தது.

எங்கள் பார்லருக்குக் கீழே, தரைத்தளத்தில் ஒரு பிளவுஸ் கடை இருந்தது. கல்யாணப் பிளவுஸ்களுக்கு ஆரி வேலை செய்து கொடுக்கிற கடை. முதலாளி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நாங்கள் அவரை அண்ணாச்சி என்போம். கடையின் பின்பக்கம் நீளமான மரச்சட்டங்களில் பட்டுத்துணியைத் தோல் மேளம் மாதிரி இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து கொக்கி ஊசியால் பூவும் மயிலும் போடுவார்கள். வேர்வை துணியில் விழக்கூடாது என்று அங்கே எப்போதும் ஏசி குளிர்ந்துகொண்டிருக்கும். எங்கள் பார்லருக்கு வருகிற மணப்பெண்களில் பாதிப் பேர் அண்ணாச்சி கைகாட்டி அனுப்பியவர்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நான் செய்த காரியம் உங்களுக்குப் புரிய வேண்டும்.

அந்தச் சட்டத்தில் உட்காருகிறவர்களில் பர்வீன் கெட்டிக்காரி. ஆதம்பாக்கத்தில் வீடு. பரங்கிமலையில் ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கி வருவாள். கணவர் தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர். பர்வீனுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. இருபது வருஷமாக ஆரி ஊசிதான் அவளுக்குச் சோறு போட்டது. ஒருநாள் மத்தியானம், நாங்கள் சாப்பிட்டு முடித்த நேரம், மேலே ஏறி வந்தாள்.

"இன்னாக்கா, பிசியா கீறியா?"

"வா பர்வீன். த்ரெட்டிங்கா?"

"அதெல்லாம் இல்லக்கா. இந்தக் கையப் பாரேன்."

இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினாள். விரல் நுனியெல்லாம் வெடிப்பு. இடது கை ரொம்ப மோசம். ஆரி வேலையில் இடது கைதான் துணிக்கு அடியில் இருந்து நூலைக் கொடுக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

"பட்டு நூலு வெரல்ல மாட்டுதுக்கா. பிசிறு பிசிறா கெளம்பிக்கினு வருது. மொதலாளி ரெண்டு தபா பாத்துட்டாரு. இன்னொரு தபா பிசிறு வந்தா சட்டத்துல உக்கார வேணாம், கொக்கி தைக்க போன்னு சொல்லிட்டாரு."

கொக்கி தைப்பது அந்தக் கடையில் நேற்றுச் சேர்ந்தவர்கள் செய்கிற வேலை. இருபது வருஷம் மயிலும் அன்னமும் போட்டவளைக் கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்து பிளவுஸுக்குக் கொக்கி வைக்கச் சொன்னால் எப்படி இருக்கும் என்று அவள் முகத்தைப் பார்த்தே புரிந்தது.

"அப்பால... சிரிக்காதக்கா" என்று குரலைத் தாழ்த்தினாள். "போன வாரம் ஒரு நிக்காஹ். வூட்டுக்காரரு பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன். ஒரு அம்மா வந்து அவராண்ட, 'இவங்க உங்க அக்காவா'ன்னு கேக்குது. வூடு வர்ற வரைக்கும் அந்தாளு சிரிச்சிக்கினே வந்தாரு."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், ஆனால் அவளுக்குக் கண்ணோரம் ஈரமாகிவிட்டது. புறங்கையை அவள் கன்னத்தில் ஓட்டினேன். உப்புத்தாள் மாதிரி இருந்தது. வாயைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள்.

"அடிக்கடி மூஞ்சி கை கழுவுவியா?"

"ஆமாக்கா, நாங்க..."

"அதை முதல்ல நிறுத்து. அதுதான் உன் வியாதி."

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ஒரு கல்யாண புக்கிங். பேசிக்கொண்டே சீட்டை எழுதி அவள் கையில் திணித்தேன். எங்களிடம் இருந்த கெட்டியான க்ரீம் டப்பா ஒன்றையும் எடுத்துக் கொடுத்து, போனைக் கையால் பொத்திக்கொண்டு, "ஒரு நாளைக்கு அஞ்சு தடவை தடவு. வேலைக்கு உக்கார்றதுக்கு முன்னாடியும் தடவு, விரல் வழவழன்னு ஆயிடும்" என்றேன். அவள் டப்பாவையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். சரிக்கா என்று தலையாட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். நான் போனில் பேச்சைத் தொடர்ந்தேன்.

அவள் வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

பத்து நாள் போயிருக்கும். ஆவணி மாதம், முகூர்த்த நாட்கள் அடுத்தடுத்து வந்துகொண்டிருந்தன. மத்தியானம் இரண்டரை மணி. என் நாற்காலியில் மயிலாப்பூரைச் சேர்ந்த ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் சாய்ந்திருந்தார். முகத்தில் வெள்ளையாகப் பேக் போட்டு, கண்மேல் பஞ்சு வைத்திருந்தேன். பேக் முழுக்கக் காய்ந்து இழுப்பதற்குள் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தோலில் இருக்கிற ஈரத்தையும் அது உறிஞ்சிக்கொள்ளும் என்பது உங்களுக்கே தெரியும். பர்வீன் செருப்புக்கூட இல்லாமல் ஓடி வந்து கதவில் நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் கீழ வாயேன். சீக்கிரம்."

கீழே போனேன். சட்டத்தில் சந்தன நிறப் பட்டு. அன்றைக்கு சாயங்காலம் வரவேற்பில் மணப்பெண் போடவேண்டிய பிளவுஸ். முதுகு, கழுத்து எல்லாம் முடிந்துவிட்டது. இடது கைப் பகுதியின் ஓரத்தில் இரண்டு எண்ணெய்க் கறை, விரல் ரேகை தெரிகிற மாதிரி. குனிந்து மூக்கைக் கிட்டே கொண்டுபோனேன். எங்கள் க்ரீமின் வாசனை.

அண்ணாச்சி சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "யாரு கையில எண்ணெ இருந்துச்சு? சொல்லுங்க. நாலு மணிக்கு வண்டி வந்திரும். அந்தப் பொண்ணு வீட்டுக்கு நான் என்னத்தச் சொல்லுவேன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பர்வீன் முந்திக்கொண்டாள். "நான்தான் மொதலாளி. வர்ற வழியில பஜ்ஜி துன்னேன். கைய சரியா கழுவல."

என்னைப் பார்க்காமலே சொன்னாள். அப்போது நான் பேசியிருக்க வேண்டும். 'இல்லை அண்ணாச்சி, நான் கொடுத்த க்ரீம்' என்று நாலு வார்த்தை. எங்கள் பார்லரின் மணப்பெண்கள் எல்லாரும் ஒரு நிமிஷத்தில் என் கண்முன் வந்து போனார்கள். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

இதற்குள் ஒரு பெண் ஈரத்துணியும் சோப்பும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு உடம்பு அசைந்தது. "தண்ணி வைக்காதீங்க!" என்று கத்தினேன். தண்ணீர் பட்டால் பட்டில் வளையம் விழும், எண்ணெயும் பரவும். மேலே ஓடிப்போய் வாசனை இல்லாத டால்கம் பவுடரும் டிஷ்யூத்தாளும் கொண்டுவந்தேன். துணிக்கு அடியில் தாளை வைத்து, கறைமேல் பவுடரைக் குவித்தேன். "பதினஞ்சு நிமிஷம் யாரும் தொடக் கூடாது. பவுடர் எண்ணெயை இழுக்கணும்."

வேலைகளிலேயே கஷ்டமான வேலை சும்மா இருப்பதுதான். அண்ணாச்சி இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை பவுடரைத் தட்டிப் பார்க்கக் கையை நீட்டினார். நான் அவர் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தேன். "எவ வச்சா இந்தக் கறையை, இருவது வருஷம் வேலை பாத்தவளுக்கு இது தெரியாதா" என்று அவர் மறுபடி மறுபடி அதையே ஆரம்பிக்க, படியில் யாரோ இறங்கி வருகிற சத்தம். திரும்பிப் பார்த்தால் எங்கள் தலைமை ஆசிரியை. முகம் முழுக்க வெள்ளை, தலைமுடியில் துணிப்பட்டை, கழுத்தில் டவல். நான் அவரை அடியோடு மறந்துவிட்டிருந்தேன்.

"என்னடி பண்ணிண்டிருக்கேள் எல்லாரும்? மூஞ்சி இழுக்கறதே!"

அண்ணாச்சி இரண்டடி பின்னால் நகர்ந்தார். அந்த அம்மா சட்டத்தைப் பார்த்தார், பவுடரைப் பார்த்தார், தலைகுனிந்து நின்ற பர்வீனைப் பார்த்தார். வகுப்பறைக் குரல் அப்படியே வெளியே வந்தது. "யார் பண்ணாங்கறதை அப்பறம் கேட்டுக்கலாம். இப்ப ஆகவேண்டியதைப் பாருங்கோ." சொல்லிவிட்டு என்னிடம், "நீ இங்கேயே இரு, நானே அலம்பிக்கறேன்" என்று மேலே ஏறிப் போய்விட்டார். அப்படிப்பட்ட கஸ்டமர்களை எல்லாம் இப்போது எங்கே பார்க்கிறது?

இரண்டு தடவை பவுடர் மாற்றினேன். ஒரு கறை முழுக்கப் போய்விட்டது. இன்னொன்று மங்கலாக நின்றது. ஹால் விளக்கு வெளிச்சத்தில் நிச்சயம் தெரியும். மணி மூன்று பத்து. பர்வீன் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இது மேல ஒரு மொட்டு போட்டுடலாம் மொதலாளி. அந்தாண்ட கையிலயும் அதே எடத்துல இன்னொண்ணு. டிசைனே அப்படின்னு நெனச்சிக்குவாங்க" என்றாள். அண்ணாச்சி அரை மனதோடு தலையாட்டினார்.

அவள் கை கழுவப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். குழாயடியில் துணி துவைக்கிற சோப்புக்கட்டி இருந்தது. அதை விரல்களில் தேய்த்து, பழைய பிரஷ்ஷால் நுனியெல்லாம் உரசிக் கழுவினாள். வெடிப்பிலிருந்து லேசாக ரத்தம் கசிந்தது.

"என்ன பர்வீன் இது? துணி சோப்பா?"

"சட்டத்துல உக்கார்ற ஒவ்வொரு தபாவும் இப்படித்தான்க்கா கழுவணும். இல்லாட்டி பட்டுல கறை பட்டுடும். நாங்க எல்லாருமே இப்படித்தான்."

பத்து வருஷம் அவர்கள் தலைக்கு மேலேயே உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். இது எனக்குத் தெரியாது. எண்ணெய் ஒட்டவே கூடாத கைக்கு, வேலைக்கு உட்காருவதற்கு முன்னால் கெட்டி க்ரீம் தடவு என்று நான் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

ரத்தம் துணியில் பட்டால் எல்லாம் முடிந்தது. முதலுதவிப் பெட்டியில் இருந்த மெல்லிய காகித டேப்பை எடுத்து வந்து, அவள் விரல் நுனி ஒவ்வொன்றிலும் சின்னச் சின்னதாக வெட்டி ஒட்டினேன். மேலே துளி பவுடர். அவள் ஊசியை எடுத்தாள். ஒரு மொட்டு முடிந்தது. சட்டத்தின் மறுமுனைக்கு நகர்ந்து உட்கார்ந்து இன்னொன்றையும் முடித்தாள். வண்டி வந்து ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருத்தி துணியை அவிழ்த்து மெஷினில் கைகளை மூட்டினாள். நாலரைக்குப் பிளவுஸ் போய்விட்டது. அந்த மொட்டைப் பற்றி மணப்பெண் வீட்டிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

அண்ணாச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "நல்ல வேளை தப்பிச்சோம். பர்வீன், நாளையிலருந்து நீ கொக்கி தையி. சட்டம் வேண்டாம்."

நான் அங்கேயேதான் நின்றிருந்தேன். அப்போதும் பேசவில்லை.

அடுத்த நான்கு நாட்கள் படி ஏறும்போதெல்லாம் கதவோரம் ஸ்டூலில் பர்வீன் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிளவுஸ், கையில் கொக்கி. என்னைப் பார்த்ததும் எப்போதும் போல, "சாப்ட்டியாக்கா?" என்பாள். முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த நான்கு நாளும் நான் யாருக்கும் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை. எழுத உட்கார்ந்தால் வெட்கமாக இருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் பார்லரை நடத்திய எங்கள் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார். நான் முடித்ததும், "நாலு நாள் லேட்டு. போய்ச் சொல்லிட்டு வா" என்றார். மணப்பெண்கள் வராவிட்டால் என்ன செய்வது என்று அவர் கேட்கவே இல்லை.

கீழே போய் எல்லார் முன்னாலும் சொன்னேன். க்ரீம் என்னுடையது, தடவச் சொன்னதும் நான்தான், பஜ்ஜியெல்லாம் இல்லை. அண்ணாச்சி என்னை விட்டுவிட்டு பர்வீனைப் பார்த்தார். "அப்ப நீ சொன்னது பொய்யா?" அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். பிறகு அவளிடம், "போ, சட்டத்துல உக்காரு" என்றார். என்னிடம், "உங்க க்ரீமு என் கடைக்குள்ள வரப்படாது, பாத்துக்கிடுங்க" என்றார். அந்த வருஷம் அவர் ஒரு மணப்பெண்ணைக்கூட எங்களிடம் அனுப்பவில்லை.

பர்வீன் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். மத்தியானம் மேலே வந்து சண்டை பிடித்தாள்.

"இன்னாத்துக்குக்கா சொன்ன? இப்ப நான் பொய்காரியா நிக்கிறேன்."

"நீ எதுக்கு என்னைக் காப்பாத்தப் பொய் சொன்ன?"

"ஒன்னிய காப்பாத்தன்னு நீயா நெனச்சிக்காத. தெரிஞ்சிதான் க்ரீமு தடவிக்கினு உக்காந்தேன். அப்ப தப்பு எனுதுதானே? அன்னிக்கே சொல்ல வந்தேன், கைல எண்ண பட்டா ஆவாதுன்னு. அஞ்சு வேள தொழுவறதுக்கு மின்ன ஒளு செய்யணும், மூஞ்சி கழுவாம எப்டிக்கா இருக்கறதுன்னு. நீ போன எடுத்துட்ட. அப்பால கேக்க வெக்கமா பூட்ச்சி. படிச்சவ சொல்றா, நமக்கு இன்னா தெரியும்னு இருந்துட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "நீ என் தோலத்தான்க்கா பாத்த. நா நாள் பூரா இன்னா பண்றேன்னு ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்டால் போதாது, உட்கார்ந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. அண்ணாச்சியிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, காலையிலிருந்து சாயங்காலம் வரை பர்வீன் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவள் கைகளையே பார்த்தேன். சட்டத்தில் உட்கார ஏழு தடவை துணி சோப்பு. பாத்ரூம் போக எழுந்தால் மறுபடியும் கை கழுவிப் பிரஷ் போட வேண்டும் என்று காலையிலிருந்து ஒரே ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். ஏசி நேராக அவள் முகத்தில் அடித்தது. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு முன்னால் ஒளு செய்தாள். கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரைக்கும், தலையில் ஈரக்கை, கால். முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பி வந்து துப்பட்டா நுனியால் ஒற்றிக்கொண்டாள்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஈரம் காய்வதற்குள் தடவு, ஈரம் காய்வதற்குள் தடவு என்று இருபது வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். ஒரு நாளைக்கு ஐந்து தடவை முகத்தில் ஈரத்தோடு நிற்கிற ஒரே கஸ்டமர் இவள்தான். இவளிடம் போய்க் கழுவாதே என்று சொல்லியிருக்கிறேன்!

"தொழுதுட்டு வா, உன் ஒளுவை வச்சே உன் மூஞ்சியைச் சரி பண்றேன்" என்றேன்.

"க்ரீமு மேல தண்ணி நிக்கிச்சின்னா அடுத்த ஒளு கூடுமாக்கா?"

"அது எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்களைக் கேட்டுட்டு வா."

முதல் தடவையாகத் தெரியாது என்று ஒரு கஸ்டமரிடம் சொன்னேன். வாய் ஒன்றும் கோணிக்கொள்ளவில்லை. மறுநாள் கேட்டுக்கொண்டு வந்தாள். தண்ணீர் தோலில் படாமல் தடுக்கிற பிசுக்காக இருக்கக் கூடாது, தோலில் ஊறிப்போகிறதாக இருந்தால் பரவாயில்லை என்று சொன்னார்களாம். சரி, கெட்டி க்ரீமைத் தூக்கிப் போட்டேன். ஒவ்வொரு ஒளுவுக்கும் பிறகு முகத்துக்கு மட்டும் தண்ணீர் மாதிரி லேசான லோஷன், விரலால் தொடாமல் புறங்கையால் தடவச் சொன்னேன். கைக்கு வேலை நேரத்தில் ஒன்றுமே கிடையாது. துணி சோப்புக்குப் பதில், பிசுக்கை எடுக்கிற, ஆனால் தோலை அரிக்காத திரவ சோப்பு. பிரஷ்ஷுக்குத் தடா. ஆதம்பாக்கம் வீட்டு போர் தண்ணீர் கரிக்கும் என்றாள், அதனால் கடைசியாக ஒரு சொம்பு கேன் தண்ணீரால் முகம் அலசச் சொன்னேன். காலையில் ரயிலடிக்குப் போகிற வெயிலுக்கு சன்ஸ்கிரீன். தண்ணீர் குடித்தால் மட்டும் தோல் மினுங்கிவிடாது, ஆனாலும் மனுஷி ஒரு நாளைக்கு ஒரு டம்ளரில் இருக்கக் கூடாது என்று சண்டை போட்டேன். சாயங்காலம் வேலை முடிந்ததும் கையைக் கழுவி, ஈரத்தோடு கெட்டி க்ரீமைத் தடவி, பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு ரயிலேற வேண்டும். அதற்குத்தான் ரொம்ப வெட்கப்பட்டாள். "ரயில்ல எல்லாம் என்னியே பாக்குதுங்கக்கா, மோட்டார் ரேஸ்காரின்னு நெனச்சிக்கினு" என்று வந்து திட்டுவாள்.

இவ்வளவையும் நான் சீட்டில் எழுதிக் கொடுக்கவில்லை. அவளும் நானும் தினம் மத்தியானம் பேசிப் பேசி, ஒத்துவராததைத் தள்ளி, ஒத்துவருவதை வைத்துக்கொண்டோம். ஏசி காற்று முகத்தில் அடிக்காமல் அண்ணாச்சி அவள் இடத்தை மாற்றிக் கொடுத்தார். அதை அவராகவே செய்தார். அடுத்த வருஷம் மணப்பெண்களையும் அனுப்ப ஆரம்பித்தார்.

இப்போது அந்தச் சந்தில் பார்லரும் இல்லை, பிளவுஸ் கடையும் இல்லை. பர்வீன் நங்கநல்லூரில் சொந்தமாக மூன்று சட்டம் போட்டு நடத்துகிறாள். அவள் கடைக் குழாயடியில் துணி சோப்பு இருக்காது. உங்களிடம் நான் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. அந்தக் கருவியைக் கன்னத்தில் வைப்பதற்கு முன்னால், காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்தீர்கள் என்று எதிரில் இருப்பவரைக் கேளுங்கள். பதில் சொல்லி முடிகிற வரைக்கும் போன் அடித்தால் அடிக்கட்டும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்தக் கறைக்குப் பிறகு மூன்று மாதம் கழித்து நடந்தது. மத்தியான நேரம், பார்லரில் நான் மட்டும் இருந்தேன். பர்வீன் ஒரு துண்டுப் பட்டுத்துணியை எடுத்துக்கொண்டு ஏறி வந்தாள். இடது கையை விரித்து, விரல்கள்மேல் துணியைப் போட்டு, ஒரு முனையைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். சுண்டுவிரலிலிருந்து கட்டைவிரல் வரைக்கும் எங்கேயும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு வந்தது. "பாத்தியாக்கா?" என்று சிரித்தாள். வாயைச் சுற்றி இருந்த திட்டுகளும் போய்விட்டிருந்தன. "நேத்து வூட்டுக்காரரு இன்னா சொன்னாருன்னு கேளு. இனிமே என்னியத்தான் ஒனக்கு அண்ணன்னு சொல்லுவாங்கன்னாரு."

சிரித்து முடித்துவிட்டு, "நீ கையக் குடு" என்றாள்.

விளையாட்டாக நீட்டினேன். அதே துணியை என் விரல்கள்மேல் போட்டு இழுத்தாள். ஆள்காட்டி விரலில் மாட்டியது. எடுத்துவிட்டு மறுபடி இழுத்தாள். கட்டைவிரலோரம் சிக்கிக்கொண்டு ஒரு இழை பிசிறிட்டு வந்தது.

ஒவ்வொரு கஸ்டமருக்கும் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை, நடுவில் நாலு தடவை என்று இருபது வருஷமாக நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். அந்த ஈரத்தோடே அடுத்த முகத்துக்குப் போய்விடுவேன்.

பர்வீன் அந்தப் பிசிறைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. "ஒன்னிய யாருமே கேக்கலையாக்கா, நாள் பூரா நீ இன்னா பண்றேன்னு?"

"இல்லை" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. எதற்கு இவ்வளவு அழுகை என்று எனக்கே தெரியவில்லை.

அவள் என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய், கையைக் கழுவி, எங்கள் டப்பாவிலிருந்தே க்ரீமை எடுத்து விரல் விரலாகத் தடவ ஆரம்பித்தாள். படியில் யாரோ ஏறி வருகிற சத்தம் கேட்டது. மூன்று மணி அப்பாயின்ட்மென்ட். நான் கையை உருவிக்கொள்ளப் பார்த்தேன்.

"அவங்க நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு கையைக் கேட்டாள்.